பழைய ஜீப்புக்குப் புது வயரிங்: போடி பட்டறைக் குறிப்புகள்

பழைய டீசல் ஜீப் கரண்ட் இல்லாமலேயே ஓடும். பேட்டரி செத்துப்போனாலும் இறக்கத்தில் உருட்டி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். நிறுத்துவதற்குக் கையால் இழுக்கிற ஸ்டாப் கேபிள். அதனாலேயே எங்கள் பக்கத்தில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளின் வயரிங்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹார்ன் அடிக்கவில்லையா, பேட்டரியிலிருந்து நேராக ஒரு வயர். ப்யூஸ் போச்சா, சிகரெட் பாக்கெட்டின் ஈயத்தாள். ஹெட்லைட் மங்குதா, "அண்ணே, பல்ப் மட்டும் கொஞ்சம் பெருசா போட்டு விடுங்க." இருபது வருஷம் இப்படியே ஓட்டிய பிறகு பட்டறைக்கு வரும்போது, எது கம்பெனி வயர், எது ஒட்டு வயர் என்று போட்டவருக்கே தெரியாது.

நான் தேனி மாவட்டம் போடியில் ஆட்டோ எலக்ட்ரீசியன். கேரள மலையில் இருக்கிற பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம் ஏறி இறங்கும் ஜீப்புகள்தான் என் பிழைப்பு. தன் வண்டியின் வயரிங்கைத் தானே மாற்ற நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்கு ஒரே அளவுகோல்தான். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில், ராத்திரி மழையில் லைட் அணைந்தால், டிரைவர் ஒரு டார்ச்சை வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் கோளாறைக் கண்டுபிடித்து வண்டியை நகர்த்த வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் அந்த ராத்திரியை நினைத்துத்தான் சொல்கிறேன். பார்வைக்கு அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு ரெண்டாம் பட்சம்.

மஹிந்திரா எம்எம் 540 மாதிரி வண்டிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன்: பெஜோ டீசல் இன்ஜின், 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரி மைனஸ் வண்டியின் இரும்போடு சேர்ந்திருக்கும், கரண்ட் அந்த வழியாகத் திரும்பும்). டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) இன்ஜின் வைத்த வண்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஜிப்ஸி பெட்ரோல் வண்டி என்பதால் இக்னிஷன் லைன் தனிக் கவனம் கேட்கும், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

முதலில் அளந்து பாருங்கள்

வயரிங் செட் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட் போடுங்கள். பேட்டரி முனையில் 13.8 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டைக் கழற்றி, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் (பல்பில் மாட்டும் பிளக்) பின்பக்கம் மீட்டர் முள்ளை நுழைத்து அளந்தால், 11க்குக் கீழே நிற்கிற வண்டிகள் ஏராளம். ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும். 20 சதவீதம் குறைந்தால் பாதி வெளிச்சம் காலி. இந்த வண்டிக்குத்தான் 100/90 வாட் (பிரைட்டில் 100, டிம்மில் 90) பல்ப் கேட்டு வருவார்கள். பெரிய பல்ப் இன்னும் அதிக கரண்ட் இழுக்கும், அதே வயரில் இன்னும் அதிக வோல்டேஜ் விழும், டிம், பிரைட் மாற்றுகிற டிப்பர் சுவிட்ச் உருகும். சரியான வோல்டேஜ் கிடைக்கிற 60/55 வாட் பல்ப் அதைவிட நன்றாக எரியும், எதிரே வருகிறவர் கண்ணும் பிழைக்கும்.

அந்த 3 வோல்ட் எங்கே தொலைந்தது என்று பார்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முள்ளைப் பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை பல்பின் பிளஸ் முனையிலும் வையுங்கள். காட்டுவது பிளஸ் பாதையில் விழுந்த வோல்டேஜ். அப்புறம் பல்பின் எர்த் முனையிலிருந்து பேட்டரி மைனஸுக்கு அளவெடுங்கள். அது எர்த் பாதையில் விழுந்தது. எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் சரியில்லை என்று அர்த்தம். என் பட்டறைக்கு வரும் ஜீப்புகளில் பாதிக்கு மேல் கோளாறு எர்த்தில்தான். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறது, இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் கூடச் சேர்ந்து மினுக்குகிறது என்றால் பின் விளக்கின் எர்த்தைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

இன்ஜின் எர்த்தையும் இதே சமயத்தில் சோதியுங்கள். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்ஜின் பிடிக்காதபடி ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீங்கள் பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளவெடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் இன்ஜினை சேசிஸோடு இணைக்கும் எர்த் பட்டை அரித்திருக்கிறது, இல்லையென்றால் யாரோ கிளட்ச் வேலையின்போது கழற்றிவிட்டு மாட்டவில்லை. பட்டை இல்லாவிட்டாலும் சில வண்டியில் செல்ஃப் சுற்றும். அதுதான் ஆபத்து. செல்ஃப் மோட்டார் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் எப்படியாவது சேசிஸுக்குத் திரும்பியாக வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் ஆக்சிலேட்டர் கேபிள், ஸ்டாப் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடித்த உடனே அந்தக் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் விஷயம் அதுதான். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் இளகி, கேபிள் டைட்டாகி, "அடிக்கடி ஆக்சிலேட்டர் கேபிள் போகுது" என்று மெக்கானிக்கிடம் மாற்றிக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவை ஒரு எர்த் பட்டை.

எர்த்தைச் சரி செய்ததும் பாதி வண்டி உயிர் பெற்றுவிடும். அதன் பிறகும் முழு வயரிங்கை மாற்றத்தான் வேண்டுமா என்று முடிவு செய்ய, இன்ஜின் பக்கத்து வயர் ஒன்றை விரலில் சுற்றி வளையுங்கள். மேல் உறை படக்கென்று வெடித்தால் காலம் முடிந்தது. உறையை உரித்தால் செம்பு பளபளக்க வேண்டும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்து, ஒரு சாண் வெட்டித் தள்ளிய பிறகும் அப்படியே இருந்தால் அந்த வயரில் புது லக்ஸ் (வயர் நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) போட்டுப் பயனில்லை. அழுத்தினாலும் சரியான பிடிப்பு வராது.

கழற்றுவதற்கு முன்

பேட்டரி மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பிளஸ்ஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் வெல்டிங் பட்டறை மாதிரி பொறி பறக்கும். மோதிரம், இரும்பு வாட்ச் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது படம். போனில் எடுங்கள், ஆனால் போனை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சார்ட் பேப்பரில் வண்டியை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று குறியுங்கள். முன் விளக்குகள், ஹார்ன், ஆல்டர்னேட்டர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டெம்பரேச்சர் சென்சார், ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜின் உள்ளே சூடாக்குவது), செல்ஃப், மாஸ்டர் சிலிண்டரில் இருக்கிற பிரேக் லைட் சுவிட்ச், வைப்பர் மோட்டார், காலால் அமுக்கும் டிப்பர், டீசல் டேங்க் மிதவை, பின் விளக்குகள். பழைய வயரின் ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் சுற்றி ஒரு நம்பர் எழுதி, அதே நம்பரைப் படத்திலும் எழுதுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். கம்பெனி போட்ட நிறம் ஒன்று, நடுவில் வந்த எலக்ட்ரீசியன் கையில் கிடைத்த நிறம் ஒன்று, வெயிலில் வெளுத்த நிறம் ஒன்று என்று மூன்றும் கலந்திருக்கும்.

பழைய வயரிங்கை வெட்டி எடுக்காதீர்கள். பொறுமையாக, முழுசாக வெளியே உருவுங்கள். தரையில் விரித்துப் போட்டால் அதுதான் உங்கள் அளவு நாடா. எந்தக் கிளை எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம் என்பது அதிலேயே இருக்கிறது. புதுசை அதன் மேல் வைத்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பிற்காலத்தில் லக்ஸ் உடைந்தால் வெட்டிவிட்டு மறுபடி போட அந்த ஒரு சாண் வேண்டும்.

ரெடிமேட் செட்டா, நாமே கட்டுவதா

கோயம்புத்தூர் உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் ஜீப்புக்கு ரெடிமேட் வயரிங் செட் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தால், வேலை தெரியாதவர் அதை வாங்கி மாட்டுவதில் தப்பில்லை. வாங்குவதற்கு முன் ஒரு வயரின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கடைக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் ரெடிமேட் செட் பழைய பாதையையே திருப்பிப் போடுகிறது. ஹெட்லைட் கரண்ட் பேட்டரியிலிருந்து கிளம்பி, டேஷ்போர்டு ஆம்பியர் மீட்டர், லைட் சுவிட்ச், கால் டிப்பர் என்று சுற்றிவிட்டு மறுபடி முன்பக்கம் விளக்குக்குப் போகிறது. வழியில் எத்தனை முனை, எத்தனை ஸ்குரூ! கால் டிப்பர் இருப்பது சேறும் தண்ணீரும் விழுகிற தரையில். ஆம்பியர் மீட்டர் வழியாக முழு சார்ஜிங் கரண்டும் டிரைவர் முழங்காலுக்கு முன்னால் ஓடுகிறது, பல வண்டியில் ப்யூஸே இல்லாமல். அந்த மீட்டரின் பின்பக்க நட் லூசானால் முதலில் புகைவது டேஷ்போர்டுதான். அதனால் நான் கட்டும் வயரிங்கில் ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு அந்த ஓட்டையிலேயே வோல்ட் மீட்டர் வைத்துவிடுவேன். அதற்கு மெல்லிய வயர் போதும், பேட்டரியின் உடல்நிலையையும் நன்றாகவே காட்டும்.

பாதையை நான் போடும் விதம் இது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து இரண்டு தடித்த கிளைகள். ஒன்று செல்ஃப் மோட்டாருக்கு. இதில் ப்யூஸ் கிடையாது. இன்னொன்று பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 60 ஆம்பியர் பட்டை ப்யூஸ் வழியாக டேஷ்போர்டுக்கு அடியில் இடதுபக்கம் இருக்கும் ப்யூஸ் பாக்ஸுக்கு. பக்கத்திலேயே ரிலேக்கள், அதாவது சின்னக் கரண்டை வாங்கிப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்சுகள். பானட்டுக்கு அடியில் வைத்தால் வயர் நீளம் குறையும், உண்மைதான். ஆனால் மழையில் பானட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பதைவிட சீட்டில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்ப்பது மேல். தரையிலிருந்து எவ்வளவு உயரமாக வைக்க முடியுமோ அவ்வளவு உயரமாக, முனைகள் கீழே பார்த்தபடி வையுங்கள். தண்ணீர் உள்ளே போனாலும் வடிந்துவிடும்.

ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே, டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ஹார்னுக்கு ஒன்று. ஃபாக் லைட் இருந்தால் இன்னொன்று. நான்கு கால் ரிலேயில் நம்பர் உலகம் முழுக்க ஒன்றுதான்: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது, 85ம் 86ம் உள்ளே இருக்கிற காயிலுக்கு. பழைய லைட் சுவிட்சும் கால் டிப்பரும் அப்படியே இருக்கட்டும். இனி அவை வழியாகப் போவது காயிலுக்கான கால் ஆம்பியருக்கும் குறைந்த கரண்ட்தான் என்பதால் ஆயுசுக்கும் உழைக்கும். எல்லா ரிலேயும் ஒரே மாதிரி வாங்குங்கள். நடுராத்திரி டிம் ரிலே போனால் ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி அங்கே மாட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம்.

ப்யூஸில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இடது ஹெட்லைட்டுக்கும் வலது ஹெட்லைட்டுக்கும் தனித்தனி ப்யூஸ், டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனியாக, ஆக மொத்தம் நான்கு, ஒவ்வொன்றும் 10 ஆம்பியர். வளைவில் திரும்பும்போது ஒரு ப்யூஸ் போனாலும் ஒரு கண்ணாவது எரியும். கம்பெனி இதை ஒரே ப்யூஸில் கட்டியிருந்தாலும் நீங்கள் பிரித்துக் கட்டுங்கள். பிளேடு ப்யூஸ் போடுங்கள், நிறத்தைப் பார்த்தே ஆம்பியர் சொல்லிவிடலாம்: பிரவுன் 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. இந்த நிறங்களும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் சாந்தன்பாறைக் கடையிலும் கேட்டு வாங்கலாம்.

ஹீட்டர் பிளக் உள்ள பெஜோ இன்ஜினுக்கு அதைத் தனியாகக் கையாளுங்கள். நான்கு பிளக் சேர்ந்தால் 40 ஆம்பியர் பக்கம் இழுக்கும். சாதா ரிலே தாங்காது. 70 ஆம்பியர் ரிலே ஒன்றை பானட்டுக்கு அடியிலேயே வைத்து, 80 ஆம்பியர் பட்டை ப்யூஸ் வழியாக 10 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரில் கொடுங்கள். டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய வயர் ஒன்று காயிலுக்கு வந்தால் போதும்.

வயர் கனம்

ஆட்டோமொபைல் வயர்தான் வாங்க வேண்டும். வீட்டு வயரின் இழைகள் கனமானவை, அதிர்வில் உடையும்; அதன் உறை எண்ணெய்க்கும் இன்ஜின் சூட்டுக்கும் செய்ததல்ல. வாகன வயருக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 2465. வயரின் மேலோ சுருளின் லேபிளிலோ அது இருக்கிறதா என்று பாருங்கள்.

டேஷ்போர்டு விளக்கு, ஆயில் சுவிட்ச், மீட்டர்கள், ரிலே காயில் இதெல்லாம் 0.75 ஸ்கொயர். பார்க்கிங், இண்டிகேட்டர், பிரேக் லைட் 1 ஸ்கொயர். ஒவ்வொரு ஹெட்லைட் இழைக்கும் தனி 1.5 ஸ்கொயர். ஹார்ன், பின்பக்க எர்த் எல்லாம் 2.5. ஆல்டர்னேட்டரின் பெரிய முனையிலிருந்தும், ப்யூஸ் பாக்ஸுக்குப் போகும் மெயினுக்கும் 10. செல்ஃபுக்கும் பேட்டரி எர்த்துக்கும் 35க்குக் குறையாமல். 50 போட்டால் விடியற்காலைக் குளிரில் வித்தியாசம் தெரியும். கணக்கு போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: செம்பில் ஒரு மீட்டர் நீளம், 1 ஸ்கொயர் கனத்துக்கு 0.0175 ஓம். 3 மீட்டர் 1.5 ஸ்கொயர் வயரில் 5 ஆம்பியர் ஓடினால் விழுவது 0.18 வோல்ட்டுக்குள். அது போதும்.

ப்யூஸின் வேலை வயரைக் காப்பாற்றுவது. ஆகவே ப்யூஸ் கனத்தை வயரைப் பார்த்துத் தீர்மானியுங்கள்: 0.75க்கு 7.5 ஆம்பியர், 1க்கு 10, 1.5க்கு 15, 2.5க்கு 20, இதற்கு மேல் வேண்டாம். ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அடுத்த நிறம் மாற்றுகிறவர் வயரை ப்யூஸ் ஆக்குகிறார்.

எட்டு நிறம் வாங்க முடியாவிட்டாலும் நான்கு நிறமாவது வாங்குங்கள். எர்த் எல்லாம் கறுப்பு, வேறு எதற்கும் கறுப்பு வேண்டாம். எப்போதும் கரண்ட் இருக்கிற லைன் சிவப்பு. சாவி போட்டால் மட்டும் வருவது மஞ்சள். சுவிட்சுக்குப் பிறகு பொருளுக்குப் போவது வேறு எந்த நிறமானாலும் சரி, ஆனால் இரு முனையிலும் நம்பர் ஸ்லீவ் இருக்க வேண்டும். இன்னொரு வேலையும் செய்யுங்கள்: முன்னிருந்து பின்னுக்குப் போகும் கட்டில் எதிலும் சேராத 1.5 ஸ்கொயர் வயர் ஒன்றைச் சும்மா ஓட்டி, இரு முனையிலும் ஸ்லீவ் போட்டு மடக்கி வையுங்கள். பின்பக்கம் ஏதாவது ஒரு லைன் அறுந்தால் தோட்டத்தில் வண்டியைப் பிரிக்காமல் அதில் மாற்றிக்கொள்ளலாம்.

முனை

வயரிங் கெடுவது பெரும்பாலும் முனையில்தான். சாதா பிளேயரால் நசுக்கிய லக்ஸ் ஆறு மாதத்தில் லூசாகும். ராட்செட் உள்ள கிரிம்பிங் பிளேயர் வாங்குங்கள், அல்லது தெரிந்த எலக்ட்ரீசியனிடம் இரவல் வாங்குங்கள். லக்ஸைக் கிட்டே வைத்துப் பார்த்தால் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். உட்பக்கத்து ஜோடி செம்பைப் பிடிக்க, வெளிப்பக்கத்து ஜோடி உறையைப் பிடிக்க. நிறையப் பேர் உறையை அதிகமாக உரித்துவிட்டு இரண்டையும் செம்பின் மேலேயே நசுக்குவார்கள். அப்போது அதிர்வு முழுவதையும் மெல்லிய இழைகள் தாங்க வேண்டியிருக்கும், ஒவ்வொன்றாக அறும். உரித்த செம்பு உட்பக்க இறக்கையைத் தாண்டி நகக்கண் அளவு எட்டிப் பார்த்தால் போதும். உறையின் விளிம்பு இரண்டு ஜோடிக்கும் நடுவே நிற்க வேண்டும். நசுக்கியதும் பலமாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நல்லது, ரோட்டில் வராமல் இங்கேயே வந்தது.

ஈயம் வைத்துப் பற்றவைத்தால் பலம் என்று சொல்வார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கிற இடத்தில் வயரை விறைப்பாக்கிவிடும். கல்லு ரோட்டு ஆட்டத்தில் அந்த இடத்தில்தான் ஒடியும். பெரிய பேட்டரி திம்பிள் (தடித்த கேபிளின் முனை) ஆனாலும் அழுத்திப் போடுவதே என் வழக்கம். அழுத்திய பிறகு உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவைப் போட்டுச் சூடு காட்டுங்கள், ஈரம் ஏறாது.

எர்த்துக்கு வருவோம். ஒவ்வொரு விளக்குக்கும் கறுப்பு வயரில் தனி எர்த். விளக்கின் தகரம் பாடியைத் தொடுகிறது, அதுவே எர்த் என்பதெல்லாம் பெயின்டும் துருவும் சேராத காலத்துக் கதை. முன்பக்கத்து எர்த்துகள் கிரில் பக்கம் சேசிஸில் ஒரு போல்ட்டில் சேரட்டும். பின்பக்கத்தவை பின் கிராஸ் மெம்பரில் இன்னொரு போல்ட்டில். போல்ட் இடத்தில் பெயின்ட்டை வெள்ளி மாதிரி இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, அதன் மேல் வாஸ்லினோ கிரீஸோ பூசுங்கள். பேட்டரி மைனஸ் நேராக இன்ஜினுக்கு ஒன்று, சேசிஸுக்கு ஒன்று, சேசிஸிலிருந்து பாடிக்கு ஒரு பட்டை. டீசல் மீட்டர் பொய் சொன்னால் மிதவையை மாற்றும் முன் டேங்கின் எர்த்தைப் பாருங்கள்.

வண்டிக்குள் ஓட்டுவது

சேசிஸின் உட்பக்கம், மேல் விளிம்பை ஒட்டி ஓட்டுங்கள். கீழ் விளிம்பில் போட்டால் கல் அடிக்கும், ஓடை தாண்டும்போது சேறு தங்கும். சைலன்சர் பைப்பிலிருந்து இரண்டு சாணாவது தள்ளி. பிரேக் பைப்போடும் டீசல் பைப்போடும் சேர்த்துக் கட்டாதீர்கள், எவ்வளவு வசதியாக இருந்தாலும். தகரத்தில் துளை வழியாகப் போகும் இடமெல்லாம் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) வேண்டும். அது இல்லாத துளை ஒரு வருஷத்தில் உறையை அறுத்துவிடும். உள்ளே நுழையும் முன் வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். வயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

முன் கண்ணாடியை மடக்குகிற வண்டியென்றால் வைப்பர் மோட்டார் வயருக்குக் கீல் பக்கம் தாராளமாக வளையம் விட்டு, கண்ணாடியை முழுக்கச் சாய்த்துப் பார்த்த பிறகே கட்டுங்கள். இன்ஜினுக்குப் போகும் கிளைக்கும் அதேபோல. செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எவ்வளவு ஆடுகிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள், தெரியும்.

நெளிவு பைப்புக்குள் விட்டு, ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு டேக் (கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை) போடுங்கள். பைப் உரசலைத் தடுக்கும், எலியைத் தடுக்காது. இன்ஜின் பக்கம் சாதா இன்சுலேஷன் டேப் சூட்டில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். துணி டேப் சுற்றுங்கள்.

பேட்டரி கொடுக்கும் முன்

எல்லாம் மாட்டி முடித்த சந்தோஷத்தில் மைனஸை நேராகக் கொடுக்க வேண்டாம். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை எடுத்து, பேட்டரி மைனஸுக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே தொடராக மாட்டுங்கள். ப்யூஸ் எல்லாம் கழற்றியிருக்கட்டும், சுவிட்ச் எல்லாம் ஆஃப். பல்ப் எரியக் கூடாது. அப்புறம் ப்யூஸை ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எந்த ப்யூஸுக்கு பல்ப் பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரிகிறதோ அந்த லைனில் ஷார்ட். வயர் எதுவும் கருகாது, ப்யூஸும் போகாது; பல்ப்பே கரண்டை இரண்டு ஆம்பியருக்குள் பிடித்து நிறுத்திவிடும். அடுத்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். பார்க்கிங் போட்டால் பல்ப் ஓரளவு எரியும், விளக்குகள் மங்கலாக எரியும். அது சரி. செல்ஃபை மட்டும் இந்த நிலையில் தொடாதீர்கள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு மைனஸை நேராக இறுக்குங்கள். சாவி போட்டதும் சார்ஜிங் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அது அழகுக்கு இல்லை; பல ஆல்டர்னேட்டர்களுக்கு முதல் தூண்டுதல் கரண்ட் அந்த பல்ப் வழியாகத்தான் போகிறது. பல்ப் போயிருந்தால் புது ஆல்டர்னேட்டரும் சார்ஜ் செய்யாது. அந்த இடத்தில் எல்இடி மாற்றுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வரை நிற்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள், பல்ப் வரிசையாகப் போகும். ஓடுகிற இன்ஜினில் பேட்டரி வயரைக் கழற்றி சோதிக்கிற பழைய பழக்கம் டைனமோ காலத்தது. ஆல்டர்னேட்டரில் டயோடு போய்விடும்.

ஹெட்லைட்டில் மறுபடி அளவெடுங்கள். பேட்டரிக்கும் பல்புக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் வந்திருக்க வேண்டும். வந்துவிட்டால் வாட்டர் சர்வீஸ் கடைக்கு ஓட்டிப் போய், எல்லா லைட்டும் போட்டபடி அடியிலும் முன்பக்கமும் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் நுழைகிற இடம் எதுவென்று போடிமெட்டில் தெரிவதைவிட அங்கே தெரியட்டும். ஒரு மாதம் ஓடிய பிறகு எர்த் போல்ட், பேட்டரி திம்பிள், செல்ஃப் முனை இந்த மூன்றையும் ஒருமுறை இறுக்குங்கள். புது லக்ஸ் கொஞ்சம் படிந்திருக்கும்.

டேஷ்போர்டு பெட்டியில் ஒரு ரிலே, ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு ப்யூஸ், ஒரு ஹெட்லைட் பல்ப், ஒரு டெஸ்ட் லேம்ப், இரண்டு மீட்டர் வயர் போட்டு வையுங்கள். முதலில் வரைந்த சார்ட்டைத் திருத்தி, புது நம்பர்களோடு சின்னதாக எழுதி, லேமினேட் செய்து ப்யூஸ் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். வண்டியை விற்றால் மூடியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், வாங்குகிறவர் என் மாதிரி ஒருவரிடம் வந்து நிற்கும்போது வேலை பாதியாகக் குறையும்.